மூணு தண்ணி கழுவிய டிரம்

அக்காவோடு தேநீர்க் கடைக்குத் தே குடிக்கப் போனால் நிம்மதியாகக் குடித்துவிட்டு எழுந்து வர முடியாது. கிளாஸில் மிச்சம் இருப்பதைக் கடைக்காரர் பின்பக்கமாக வீசி ஊற்றுவார். அக்காவின் கண் அதோடு போகும். கண் போன பிறகு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, இந்த லொங்காங் கடைசியில எங்க போய்ச் சேருது?"

கடைக்காரர் அந்தச் சாக்கடையை எட்டிப் பார்ப்பார், அப்படி ஒன்று அங்கே இருப்பதே இப்போதுதான் தெரிந்த மாதிரி. "ஆத்துக்குப் போவும், கடலுக்குப் போவும். எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் தே கலக்குறவன்லா."

"ஆத்துக்குப் போறதுக்கு முன்னாடி மண்ணுல ஊறுமா? அடியில செமெண்டு போட்டிருக்கா?"

நான் அக்காவின் கைப்பையைப் பிடித்து இழுப்பேன். வேலைக்கு நேரமாகியிருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அவரோ காரில் ஏறிய பிறகும், அந்தச் சாக்கடை போகும் பக்கமாகவே ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டுவார்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பீடோங்கில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். ஆபீசில் நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் மண்ணக்கா. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் அவரே கேட்டார், "என்னைய மண்ணக்கான்னு கூப்பிடுறீங்களாமே? நல்ல பேருதான்லா. சாணின்னு வெக்காம விட்டீங்களே, அது போதும்."

நாங்கள் இருவரும் பீடோங் ஊர்க்காரர்கள். கம்பெனி சுங்கைப் பட்டாணியில், கையுறைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய திரவங்களை விற்கும் சின்ன கம்பெனி. தினமும் அவருடைய காரில்தான் போய் வருவேன். வயதில் என்னைவிட ரொம்ப மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ரசாயனம் படித்தவர். நான் அவருக்கு உதவி. அவர் கேட்கும் தாள்களைத் தேடி எடுத்துக் கொடுப்பேன், அவர் சொல்வதைத் தட்டச்சு செய்வேன். இப்போது அவர் கம்பெனியில் இல்லை. வேலையை விட்டுவிட்டு ஜொகூர் பக்கம் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. எப்போதாவது போன் செய்வார். பேச்சு பெரும்பாலும் மழையைப் பற்றி இருக்கும்.

அவருடைய வேலை என்னவென்று கேட்டால் பலருக்கும் புரியாது. ஒரு வேதிப்பொருளை வெளிநாட்டில் விற்க வேண்டுமானால், அது மண்ணில் வாழும் உயிர்களுக்குக் கெடுதலா என்று சோதித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால், சோதிக்கத் தேவையில்லை என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். சோதனை என்றால் வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் பெட்டியில் மண்ணை நிரப்பி, பொருளைக் கலந்து, மண்புழுக்களை விட்டுப் பார்ப்பார்கள். சாகிறதா, பெருகுகிறதா, மண்ணைவிட்டு ஓடப் பார்க்கிறதா என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் கம்பெனியில் எல்லாருக்கும் பிடித்த பதில் 'தேவையில்லை' என்பதுதான். தேவையா, தேவையில்லையா என்று கையெழுத்துப் போடுகிறவர் அக்கா.

நான் சேர்ந்த புதிதில் அவர் இதை எனக்குக் குழம்பை வைத்துத்தான் விளக்கினார்.

"சட்டையில குழம்பு கொட்டுதுன்னு வை. மொதல்ல, கொட்டுச்சா இல்லியா? கொட்டலைன்னா பேச்சே இல்ல, எழுந்து போய்க் கை கழுவு. கொட்டுச்சுன்னா, ஒட்டிக்குதா வழிஞ்சு ஓடிருதா? ஒட்டிக்கிட்டா, நாளடைவுல போயிருமா அப்படியே கெடக்குமா? கெடக்கும்னா, அந்தக் குழம்பு வேற எதையாச்சும் கெடுத்திருக்கா? தண்ணியில இருக்கிற பூச்சிய அது கொன்னிருந்தா, மண்ணுல இருக்கிறத மட்டும் கொஞ்சுமா? அப்போ சோதிச்சுப் பாருன்னு எழுதணும்."

"கொட்டவே இல்லன்னா?"

"அப்போ அது வெஷமாவே இருந்தாலும் சட்டைக்கு ஒண்ணும் இல்லியே."

முதல் கேள்வியிலேயே முக்கால்வாசிப் பொருள்கள் தப்பித்துவிடும். மண்ணுக்கே போகாத பொருளுக்கு மண்புழு எதற்கு? அதனால்தான் அக்கா அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். எந்தக் குழாய், எந்தத் தொட்டி, கசடு எங்கே போகிறது, லோரி எங்கே கொட்டுகிறது என்று தொழிற்சாலைக்காரர்களைப் போன் போட்டே சாகடிப்பார். அவர்களுக்கு இவர் நம்பரைப் பார்த்தாலே கிலி.

ஆபீசோடு விட்டால் பரவாயில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் தாலி கட்டுவதைப் பார்க்க மாட்டார், மேசை மேசையாக நிற்கும் தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோயிலில் பாலாபிஷேகம் நடந்தால் எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள், இவர் பின்பக்கம் போய்ப் பால் எந்த ஓட்டை வழியாக வெளியே வருகிறது என்று பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை நான் மாமியாரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன் என்று காரில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ பேசினது கடைசியில எங்க போய்ச் சேரும்மா? உம் புருஷன்கிட்டதானே?" என்றார். அன்று மாலை சரியாக அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு குணம், தெரியாததைத் தெரியும் என்று சொல்லவே மாட்டார். நான் மாசமாக இருந்தபோது ஆபீசில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அன்னாசி தொடாதே, இளநீர் குடிக்காதே, மின்விசிறிக்குக் கீழே படுக்காதே. நான் அக்காவைக் கேட்டேன், அன்னாசி சாப்பிடலாமா என்று. "தெரியலம்மா, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாள் காலையில் காரில் ஏறியதும், "ராத்திரி படிச்சேன். இன்னும் சரியாத் தெரியல" என்றார். மற்றவர்கள் எல்லாரும் அடித்துச் சொன்னபோது இவர் மட்டும் இப்படிச் சொன்னதில் எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள். அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது என்பார் அக்கா.

நான் மாசமாக இருந்த அந்தச் சமயத்தில்தான் அந்தத் திரவம் எங்கள் மேசைக்கு வந்தது. கையுறை தயாரிக்கும்போது அச்சிலிருந்து வழுக்கிக்கொண்டு கழன்று வருவதற்காகச் சேர்ப்பது. கம்பெனியில் பல வருடங்களாக இருக்கிற சரக்குதான், வெளிநாட்டில் இப்போதுதான் கேட்கிறார்கள். பெரிய நீல டிரம்களில் வரும், எங்கள் ஸ்டோரில் அதைச் சின்னக் கேன்களில் ஊற்றி விற்போம். அக்கா தாள்களைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மண்ணைக் கண்டால் விடாமல் ஒட்டிக்கொள்ளும் ஜாதி. சீக்கிரத்தில் சிதையாது. தண்ணீரில் வாழும் சின்னப் பூச்சிகளைக் கொன்றிருக்கிறது. ஆனால் முதல் கேள்வியில் தப்பித்துவிட்டது. தொழிற்சாலையில் மூடிய தொட்டிக்குள் பயன்படுத்துகிறார்கள், கசடை உரிமம் பெற்றவர்கள் எடுத்துப் போகிறார்கள், காலி டிரம்களை எங்கள் கம்பெனி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுகிறது. மண்ணுக்குப் போக வழியே இல்லை.

"நல்லவேளை, மண்ணுக்குப் போகல. போனா வம்புதான்" என்று சொல்லி, 'தேவையில்லை' என்று எழுதச் சொன்னார். நான் தட்டச்சு செய்து வைத்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். அவர் மகளோடு டவுனில் இருக்கப் பிடிக்காமல், பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலே கதியென்று பகலெல்லாம் அங்கேயே கிடப்பார். தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயங்களை இடித்து, சுற்றிலும் வீடு கட்டத் தகரம் அடைத்துவிட்டார்கள். நடுவில் கோயிலும் ஒரு துண்டு நிலமும் மட்டும் மிச்சம். நிலம் கோயில் பெயரில் இல்லை. கோயிலை எடு என்கிறார்கள் புது நிலத்துக்காரர்கள், எடுக்க மாட்டோம் என்கிறது கோயில் கமிட்டி. பெரியவர் அந்தத் துண்டு நிலத்தில் பூச்செடியும் கீரையும் போட்டு அழகாக வைத்திருந்தார். திருவிழா அன்னதானத்துக்கு அந்தக் கீரைதான்.

நாங்கள் போனபோது அவர் குழாயடியில் டிரம் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்டோருக்கு அந்தத் திரவம் வருகிற அதே நீல டிரம். திருவிழாவில் கை கழுவ, பாத்திரம் கழுவத் தண்ணீர் பிடித்து வைப்பதற்காக அக்காதான் வருடா வருடம் கம்பெனியிலிருந்து சில காலி டிரம்களைக் கேட்டு வாங்கி அனுப்புவார். ஸ்டோர் அண்ணன் கோயில் காரியம் என்பதால் ஒதுக்கி வைத்துக் கொடுப்பார். அது அக்காவின் உபயம். அதில் பிடிக்கும் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார். அதனால் டிரம்மைப் பார்த்ததில் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெரியவர் கைவேலையை நிறுத்தாமல் பேசினார். "வாம்மா. ரெண்டு தண்ணி ஆச்சு, இன்னும் ஒரு தண்ணி. மூணு தண்ணி கழுவிட்டா எந்த ரச்சுன் டிரம்மும் சுத்தம். அந்தக் காலத்துல தொர எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

அவர் காலமெல்லாம் தோட்டத்தில் மருந்தடித்தவர். ரச்சுன் என்று அவர் சொல்வது களைக்கு அடிக்கும் விஷத்தை. விஷம் இருந்த பாத்திரத்தை மூன்று முறை அலசி ஊற்ற வேண்டும் என்பது மருந்தடிப்பவர்களின் பாடம். அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. மூன்றாவது முறையாகத் தண்ணீர் விட்டு, டிரம்மை உருட்டி, சாய்த்து ஊற்றினார். வெள்ளையாக நுரை பொங்கிக்கொண்டு வந்தது. குழாயடியிலிருந்து மண்வெட்டியால் வெட்டிவிட்ட சின்ன வாய்க்கால் ஒன்று இருந்தது. நுரை அதன் வழியாக நிதானமாகப் போய்க் கீரைப் பாத்திக்குள் இறங்கியது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"ஏன்ப்பா அங்க விடுறீங்க?"

"தண்ணிய வீணாக்குவாங்களா? சோப்பு மாதிரி நொர வருது பாரு, பூச்சி அண்டாது. வருசா வருசம் அங்கதான் விடுறேன். கீர எப்படித் தளதளன்னு இருக்கு பாத்தியா?"

கீரை தளதளவென்றுதான் இருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரில் உள்ள லொங்காங் எல்லாம் எங்கே போகிறது என்று கேட்ட மனுஷி, தன் கையால் கொடுத்த டிரம்முக்குள் என்ன ஊற்றுவார்கள் என்று கேட்டிருக்கிறார், அதிலிருந்து என்ன வெளியே வரும் என்று கேட்கவில்லை. டிரம் சுத்தமாகத்தான் இருந்தது.

பெரியவர் சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். வாய்க்கால் முடியும் இடத்தில் தோண்டினார். மண்ணைக் கையால் அள்ளி உதிர்த்து உதிர்த்துப் பார்த்தார். ஒரு புழு இல்லை. மாமரத்தடிக்குப் போய்த் தோண்டினார். முதல் வெட்டிலேயே ரெண்டு மூன்று நெளிந்தன.

"அக்கா, இதுக்கு மேல என்னக்கா வேணும்? இதையே எழுதிரலாம்."

அவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. மரத்தடி நெழல், எலை கெடக்கு. இங்க வெயிலு. அப்பா வேப்பம்புண்ணாக்கு போடுறாரு, சுண்ணாம்பு போடுறாரு, அடிக்கடி கொத்திவிடுறாரு. புழு எதனால இல்லன்னு யாரு கண்டா?"

"உங்களுக்கு என்னதான் தோணுது?"

"தோணுறத எழுத முடியாதுலா."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் அடித்துப் பேசினால்தான் என்ன? ஆனால் அவர் அப்படிப் பேசுகிறவராக இருந்தால் அன்னாசிப் பழத்துக்கு நான் அவரிடம் போயிருக்க மாட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அவர் பாசாருக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, "நான்தானே கேட்டு வாங்கிக் குடுத்தேன்" என்று ஒருமுறை சொன்னார். பிறகு மறுபடி ஓட்டினார்.

திங்கட்கிழமை அக்கா மேனேஜரிடம் போனார். நானும் கூடப் போனேன். மேனேஜர் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம், அக்காவைவிட இளையவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். தன் வீட்டார் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக் கடையிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற நல்ல மனுஷன். அவரைக் கெட்டவராகக் காட்டியிருந்தால் கதை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதுக்குச் சோதனை செய்யணும் தம்பி" என்றார் அக்கா. "மண்ணுல ஒட்டுற சரக்கு. லேசுல போகாது. தண்ணிப் பூச்சியக் கொன்னிருக்கு."

"அதெல்லாம் சரிக்கா. மண்ணுக்குப் போகுதா?"

அக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"நீங்கதான் போகாதுன்னு எழுதியிருக்கீங்க. போகும்னா எந்த வழியா போகும்னு ஒரே ஒரு வரி குடுங்க. நாளைக்கே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்றேன். மேலிடத்துல கேட்டா அந்த ஒரு வரியக் காட்டிருவேன். அது இல்லாம எப்படிக்கா பணம் கேக்குறது?"

"வழி இருக்குதுன்னு வெச்சுக்கிட்டா?"

"எந்த வழி? எந்த எடம்? யாரு கொட்டுனது? அத எழுதிட்டா ஆள் அனுப்பி மண்ண எடுத்துப் பார்ப்பாங்க. எழுதுங்க, நான் வேணாம்னு சொல்லலியே."

அந்த ஒரு வரி அக்காவிடம் இருந்தது. அதை எழுதினால் கோயில் மண்ணை எடுக்க வருவார்கள். கோயில் மண்ணில் விஷம் கலந்திருக்கலாம் என்று எழுத்தில் ஒரு வார்த்தை வந்தால் போதும், நிலத்துக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டு கோயிலைத் தூக்கிவிடுவார்கள். இத்தனை நாள் அவர்களுக்குக் கிடைக்காத காரணம் அது. கமிட்டி என்ன சொல்லி மறுக்கும்? அக்கா, "யோசிச்சுட்டு வர்றேன் தம்பி" என்று எழுந்துவிட்டார்.

பிறகு ஸ்டோருக்குப் போனோம். இடத்தைச் சொல்லாமல், காலி டிரம் சில சமயம் வெளியே போவதுண்டு என்று பொதுவாக மட்டும் எழுதலாமா என்று அக்காவுக்கு ஒரு நப்பாசை. ஸ்டோர் அண்ணன் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அம்மனுக்குன்னு கேட்டீங்க, குடுத்தேன். ஒடஞ்சு போச்சுன்னு கணக்குல காட்டிக் குடுத்தேன். இப்போ வெளிய போச்சுன்னு எழுதினா மொதல்ல என்னையத்தானே கூப்பிடுவாங்க? மக இன்னும் காலேஜ் முடிக்கலக்கா."

"ஒங்க பேரு வராதுண்ணே."

"என் பேரு வர வேணாம். ஸ்டோருன்னு வந்தா போதும், இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

அக்கா அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனிதர் வாசல் வரை கூடவே வந்து, இந்த வருடத்து டிரம்மைத் திருப்பிக் கொண்டுவந்து தர முடியுமா என்று கெஞ்சலாகக் கேட்டார்.

மிச்சம் இருந்தது அப்பா மட்டும். வாரக் கடைசியில் மறுபடி கோயிலுக்குப் போனோம். டிரம்மைத் திருப்பிக் கேட்டதற்கே பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. உபயமாகக் கொடுத்ததை யாராவது திருப்பி எடுப்பார்களா, அம்மன் முன்னால் பொட்டு வைத்தாகிவிட்டது என்றார். அக்கா பார்த்தபோது நீல டிரம்மின் மேல் மஞ்சளும் குங்குமமும் இருந்தன.

"சரி, டிரம்மு இருக்கட்டும். கீர வேணாம்ப்பா. இந்த வருசம் கடையில வாங்கிக்கலாம், நான் வாங்கித் தர்றேன்."

"ஏன்?"

"அந்தக் கழுவின தண்ணி மண்ணுல ஒட்டியிருக்கும்ப்பா."

பெரியவர் சிரித்தார். இரண்டு கைகளையும் எங்கள் முன்னால் நீட்டினார். மருந்து பட்டுப் பட்டுக் கறுத்துச் சுருங்கிப்போன நகங்கள். "இந்தக் கையாலதான்ம்மா ஒன்னையப் படிக்க வெச்சேன். காலம் பூராவும் ரச்சுன்ல நனைஞ்சவன் நானு. செத்தா போயிட்டேன்? சொல்லு, அந்தக் கீர கெடுதல்னு நீ உறுதியாச் சொல்றியா?"

சொல்லித் தொலையுங்கள் அக்கா என்று நான் மனதுக்குள் கத்தினேன். ஆமாம்ப்பா, கெடுதல்தான் என்று ஒரு பொய். படித்த மகள் சொன்னால் கேட்டுக்கொள்வார். பாத்தியைக் கொத்தி மூடிவிடுவார். யாருக்கும் நட்டமில்லை. பிற்பாடு நான் இதை அவரிடமே சொன்னபோது, "கெடுதல்னு சொன்னா வருசா வருசம் ஊருக்கே வெஷம் போட்டேன்னு அவரு நெனைச்சுக்குவாரும்மா. தெரியாத ஒண்ண வெச்சு அதை எப்படி அவரு தலையில வெக்கிறது?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"தெரியலப்பா."

"அப்போ சும்மா இரு."

தெரிந்துகொள்ள வேண்டுமானால் சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டுமானால் அந்த வரியை எழுத வேண்டும். எழுதினால் கோயில் போகும், ஸ்டோர் அண்ணன் வேலை போகும், அப்பா அதற்குப் பிறகு எத்தனை நாள் இருப்பார் என்று சொல்ல முடியாது. எழுதாவிட்டால் அந்தச் சரக்கு இன்னும் எத்தனையோ ஊருக்குப் போகும். அங்கேயும் யாராவது ஒரு அப்பா டிரம்மைக் கழுவுவார். காரில் அக்கா இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இடத்தில் வந்து நின்றது. நானும் என் பங்குக்கு என்னென்னவோ யோசனை சொன்னேன். ஒன்றும் தேறவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசியில் நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

மேனேஜர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். மூன்றாவது முறை அவரே வந்து, "அக்கா, அந்த வரி?" என்று கேட்டார். அக்கா, "இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு நான் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் அப்படியே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அன்றிலிருந்து வேலையை விடும் வரைக்கும் அவர் யாரிடமும், எந்தக் கடையிலும், எது எங்கே போகிறது என்று கேட்கவில்லை. தே மிச்சத்தைக் கடைக்காரர் பின்பக்கம் வீசி ஊற்றினால், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது.

திருவிழாவுக்கு என்னையும் அழைத்துப் போனார். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. வராமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். பெரியவர் போன் போட்டு, பிள்ளைத்தாச்சி அம்மன் சோறு சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கோயிலில் நல்ல கூட்டம். தோட்டம் போன பிறகு எங்கெங்கோ சிதறிப்போனவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். தகர அடைப்புக்குள் அத்தனை பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அந்த வரியை எழுதியிருக்கத்தான் வேண்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. எழுதியிருக்க வேண்டாம் என்றும் நினைக்க முடியவில்லை.

பந்தியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு வந்தது, சாம்பார் வந்தது. பெரியவர் புது வேட்டியில், கீரைக் கூட்டு வாளியோடு வந்தார். அவரைத் தவிர வேறு யாரும் அந்த வாளியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாராம். ஒவ்வோர் இலையிலும் ஒரு கரண்டி வைத்து, "நம்ம அம்மன் கீர, நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்காவின் இலையில் வைத்தார். அக்கா கையால் மறிக்கவில்லை. என் இலைக்கு வந்ததும் வாளியை நன்றாகக் கிளறி, அடியிலிருந்து பெரிய கரண்டியாக அள்ளி வைத்தார்.

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும் தங்கச்சி."

தலையை ஆட்டினேன். அவர் அடுத்த இலைக்கு நகர்ந்தார். என் கை சோற்றில் இருந்தது, கீரைப் பக்கம் போகவில்லை. அம்மன் சோறு என்று வாங்கியதை ஒதுக்கவும் முடியவில்லை, வாயில் வைக்கவும் முடியவில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் இலையிலிருந்த கீரையைச் சோற்றோடு பிசைந்து, வழக்கம்போல நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு அவர் கை என் இலைக்கு வந்தது. கீரை முழுவதையும் ஒரே வாரலாக வாரித் தன் இலையில் போட்டுக்கொண்டார். நான் வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

வரிசையின் கடைசிக்குப் போயிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். என் இலையில் கீரை காலியாகியிருப்பது அவர் கண்ணில் பட்டது. முகமெல்லாம் பூரித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.